பாம்புக்கு ஊட்டிய பெரியம்மா!

தலைப்பைப் பார்த்துவிட்டு, "போன இதழில் முருங்கைக்கீரை அடை சொல்லிக் கொடுத்த அக்காவா இது? திடீரென்று பாம்பு பக்கம் போய்விட்டாளே!" என்று கேட்கிறீர்கள், இல்லையா? அருவருப்பாக இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சாப்பிட மறுக்கும் ஒரு ஜீவனைச் சாப்பிட வைத்த கதையைத்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். அந்தக் கஷ்டம் தெரியாத தாய் நம்மில் யார் இருக்கிறோம்?

2023-ஆம் வருஷம் ஜூன் மாதம். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில் இருக்கும் என் தங்கைக்கு அடுத்த மாதக் கடைசியில் பிரசவம். மூத்தவன் பிறந்து பதினோரு வருஷம் கழித்து உண்டானது. எங்களுக்கு அம்மா இல்லை. அக்கா நான் போகாமல் வேறு யார் போவது? திண்டுக்கல்லில் வீட்டையும் பிள்ளைகளையும் மாமியார் பொறுப்பில் விட்டேன். சாப்பாட்டுச் சாமான் விஷயத்தில் அந்த நாட்டில் கெடுபிடி அதிகம் என்று தங்கை சொல்லியிருந்ததால், ஆசையாகக் கிளறி வைத்திருந்த பிரசவ லேகியத்தையும் எடுத்து வைத்துவிட்டு, புடவையும் ஸ்வெட்டருமாகப் பெட்டியைக் கட்டிக் கொண்டு கிளம்பினேன்.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலை. குருமாவுக்குப் பச்சைப் பட்டாணி எடுக்கலாம் என்று ஃபிரிட்ஜின் மேல்தட்டைத் திறந்தேன். பட்டாணிப் பொட்டலத்துக்குப் பின்னால் இன்னொரு பொட்டலம். உள்ளே வரிசையாக, வெள்ளை வெளேரென்று, ஐஸ் பிடித்த சுண்டெலிகள்! நான் போட்ட கூச்சலில் தங்கை வயிற்றைப் பிடித்துக் கொண்டு ஓடி வந்தாள். அவள் பையன் மட்டும் நிதானமாக வந்து பொட்டலத்தை என் கையிலிருந்து வாங்கிக் கொண்டான்.

"பயப்படாதீங்க பெரியம்மா. இது பிஸ்கட்டோட சாப்பாடு."

எலிக்குப் பிஸ்கட் வைத்துப் பிடிப்பது எனக்குத் தெரியும். பிஸ்கட்டுக்கு எலி வைப்பதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். பிஸ்கட் என்பது அவன் வளர்க்கும் மலைப்பாம்பின் பெயர்!

மலைப்பாம்பு என்றதும் ஆட்டை விழுங்குகிற பாம்பை நினைத்துக் கொள்ளாதீர்கள். இது 'சில்ட்ரன்ஸ் பைதான்' என்னும் சின்ன இனம். முழுதாக வளர்ந்தாலும் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் வரும். விஷம் கிடையாது. வடக்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. குழந்தைகள் வளர்ப்பதால் இந்தப் பெயர் என்று நானும் நினைத்தேன். அது இல்லையாம். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த ஜான் ஜார்ஜ் சில்ட்ரன் என்பவரைக் கௌரவிக்க, 1842-இல் ஜான் எட்வர்ட் கிரே என்ற விஞ்ஞானி வைத்த பெயராம். பிஸ்கட்டுக்கு வயது ஒன்றரை. முழ நீளத்துக்குக் கொஞ்சம் கூட, என் சுண்டுவிரலைவிடச் சற்றுத் தடிமன், நிறம் நனைந்த பிஸ்கட் நிறம். அந்த மாநிலத்தில் இதை வளர்க்க அரசாங்க லைசென்ஸ் வேண்டும். அவர்களிடம் இருந்தது.

லைசென்ஸ் இருந்தது, எலியும் இருந்தது. ஆனால் பிஸ்கட் சாப்பிடவில்லை. கடைசியாக ஏப்ரல் மாதம் சாப்பிட்டதாம். முன்பு வளர்த்தவர் உயிருள்ள எலிக்குட்டிகளையே போட்டுப் பழக்கியிருந்தார். ஓடுகிற எலியை மட்டுமே ஆகாரம் என்று தெரிந்து கொண்ட பாம்பு, உறைய வைத்துக் கரைத்த எலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையன் அழுததைப் பார்த்துத் தங்கை வீட்டுக்காரர் ஒரு நாள் கடையிலிருந்து உயிர்ச் சுண்டெலி ஒன்றை வாங்கி வந்து, இரவு பெட்டிக்குள் விட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். காலையில் பார்த்தால் எலி சௌக்கியமாக இருந்தது. பாம்பின் முதுகில்தான் எலி கடித்த காயம்!

எலி பாம்பைக் கடிக்குமா என்று கேட்காதீர்கள். பசி இல்லாத பாம்போடு மூடிய பெட்டியில் மாட்டிக் கொண்ட எலி, உயிர்ப் பயத்தில் கடிக்கத்தான் செய்யும். சில பாம்புகள் அதில் கண்ணை இழப்பதும், முதுகெலும்பு வரை காயப்படுவதும் உண்டாம். எலிக்கும் அது நரக வேதனைதானே? வேறு இடத்தில் வலியில்லாமல் கொல்லப்பட்டு உறைய வைத்த எலியைத் தருவதே இரண்டு ஜீவனுக்கும் நல்லது என்று ஊர்வனவற்றுக்கென்றே இருக்கும் ஒரு மிருக வைத்தியர் சொல்லி, காயத்துக்கு மருந்தும் கொடுத்தாராம்.

இதற்கிடையில் பெரிய கவலை வேறொன்று. வரப்போகிற குழந்தை! பாம்பு, ஆமை, ஓணான் போன்றவை நல்ல ஆரோக்கியமாக இருக்கும்போதே, அவற்றின் குடலில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். எச்சத்தின் வழியாகத் தோலிலும் பெட்டியிலும் தண்ணீர்க் கிண்ணத்திலும் அது படியும். தொட்ட கையோடு குழந்தையைத் தூக்கினால் போதும். பெரியவர்களுக்கு வெறும் பேதியோடு போவது, கைக்குழந்தைக்கு ரத்தத்திலும் மூளை உறையிலும் தொற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் ஊர்வன வளர்க்க வேண்டாம் என்றுதான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சொல்கிறது. எலியிடமும் அதே கிருமி உண்டு. உறைய வைத்தால் அது செத்துவிடாது. பட்டாணிக்குப் பக்கத்தில் எலிப் பொட்டலத்தை வைத்திருந்தார்களே, அந்தத் தப்பை முதல் நாளே திருத்தினேன். கார் நிறுத்துமிடத்தில் சும்மா கிடந்த பழைய சின்ன ஃபிரிட்ஜ் ஒன்று எலிக்கென்று ஆனது.

தங்கை முடிவு செய்துவிட்டாள். குழந்தை வருவதற்கு முன் பிஸ்கட் வேறு வீடு போக வேண்டும். பையனுடைய சிநேகிதனின் அண்ணன் லைசென்ஸ் உள்ளவர், நிறையப் பாம்புகளை நல்லபடியாக வளர்க்கிறவர். எடுத்துக் கொள்கிறேன் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. "என்னால் உயிர் எலி போட முடியாது. இறந்த எலியைத் தொடர்ந்து இரண்டு தடவை சாப்பிடட்டும், வந்து வாங்கிக் கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளைக்குப் பொறுமை இல்லை. "மதினி, பின்னாடி ஒரு பெரிய காடு மாதிரி பார்க் இருக்கு. அங்க விட்டா அதுவா எலி புடிச்சுத் தின்னுக்கும். எதுக்கு இவ்வளவு பாடு?" என்றார். பையன் முகம் செத்துப் போய்விட்டது.

அப்போது எனக்கு நம் ஊர் இருளர்கள் நினைவுக்கு வந்தார்கள். சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. விஷமுறிவு மருந்துக்காகப் பாம்பைப் பிடித்து, விஷத்தை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுவார்கள். அவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு பேரை 2017 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைத்துப் போனார்கள். எதற்கு? அங்கே ஜனங்கள் செல்லமாக வாங்கி, வளர்க்க முடியாமல் காட்டில் விட்டதும் தப்பிப் போனதுமான பர்மா மலைப்பாம்புகள் ஆயிரக்கணக்கில் பெருகி, அந்தச் சதுப்புக் காட்டின் முயல்களையும் மற்ற சிறு பிராணிகளையும் தின்று தீர்த்துக் கொண்டிருந்தன. படித்தவர்கள் திணறிய காட்டில், நம் ஆட்கள் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். அதில் ஒன்று 16 அடி! 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இதை மாப்பிள்ளையிடம் சொல்லி, "ஒவ்வொருத்தரும் 'ஒண்ணுதானே, விட்டுட்டுப் போவோம்'னு நினைச்சதுதான் தம்பி, அங்க அத்தனையாப் பெருகிப் போச்சு. இதுவோ வெயில் காட்டுப் பாம்பு, இந்தக் குளிர்ல ராத்திரி தாங்குமா? நான் பார்த்துக்கறேன், விடுங்க" என்றேன். வாய் சொல்லிவிட்டது. உள்ளே உதறல்தான்!

உதறல் இருந்தாலும், பாம்பு எனக்கு அடியோடு புதிதல்ல. வேடசந்தூர் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவள் நான். எங்கள் சோளக் குதிருக்குப் பின்னால் ஒரு சாரை வந்து போகும். கம்பை எடுத்தால் அப்பத்தா திட்டும். "அது பாட்டுக்கு எலியப் புடிச்சுக்கிட்டுப் போகுது. நீ உன் சோலியப் பாரு." அந்தச் சாரைக்கு யாரும் ஊட்டவில்லை. பெட்டியில் அடைத்த பாம்புக்குத்தான் மனுஷர் ஊட்ட வேண்டி வருகிறது.

வைத்தியர் எழுதிக் கொடுத்திருந்த தாளை எடுத்துப் பையனை மொழிபெயர்க்கச் சொன்னேன். முதல் வரியே என்னை யோசிக்க வைத்தது. "எலியைப் பார்க்கும் முன் பெட்டியைப் பார்." சாப்பிடாத குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம் அல்லவா, அதுபோலத்தான்.

பெட்டி இருந்த இடம் கூடத்தில், டி.வி.க்குப் பக்கம். நாள் முழுக்கச் சத்தம், வெளிச்சம், ஆள் நடமாட்டம். பாம்புக்கு ஒளிய ஓர் இடம் இல்லை. வெப்பமானி வைத்துப் பார்த்தால், சூடான பக்கம் என்று சொன்ன இடத்திலேயே 27 டிகிரிதான்! ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம் என்பதை மறந்துவிடாதீர்கள். பாம்புக்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். உடம்பு சூடாக இல்லாவிட்டால் தின்றது செரிக்காது, உள்ளேயே அழுகிப் போகும். அதனால்தான் குளிர்ந்த பாம்பு வாயைத் திறப்பதில்லை. அது பிடிவாதம் இல்லை, புத்திசாலித்தனம்!

பெட்டியைப் பையனின் அறைக்கு மாற்றி, மூன்று பக்கமும் கறுப்புத் தாள் ஒட்டினோம். சூடு தரும் கருவியைச் சரி செய்து ஒரு பக்கம் 32 டிகிரியும், மறுபக்கம் 25 டிகிரியும் இருக்கும்படி செய்தோம். வேண்டும்போது நகர்ந்து கொள்ள இரண்டும் வேண்டும். சூடு எல்லை மீறாமல் இருக்க தெர்மோஸ்டாட் கட்டாயம், இல்லாவிட்டால் தோல் வெந்துவிடும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்னப் பூந்தொட்டியை விளிம்பில் கொஞ்சம் உடைத்துக் கவிழ்த்து வைத்தோம். உடம்பு நாலு பக்கமும் உரசுகிற மாதிரி இறுக்கமான பொந்துதான் அதற்குப் பிடிக்குமாம். பிறகு ஒரு வாரம் யாரும் தொடக் கூடாது, தண்ணீர் மட்டும் மாற்றலாம் என்று சட்டம் போட்டேன். வாரம் ஒரு நாள் மட்டும், அதற்கென்று வாங்கிய தராசில் எடை பார்த்து நோட்டில் எழுதச் சொன்னேன். முதல் நாள் 118 கிராம். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில் நுரை வந்தாலோ வைத்தியரிடம் ஓட வேண்டும் என்று தாளில் இருந்தது.

ஒரு வாரம் கழித்து முதல் முயற்சி. எலியின் பருமன் பாம்பின் உடம்பில் தடிமனான இடத்தைவிட அதிகம் இருக்கக் கூடாது. முதல் நாள் இரவே ஒரு எலியைச் சின்னப் பையில் இறுக்கி மூடி, அந்தத் தனி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உறைநிலை போகச் செய்தோம். மாலையில் பையோடு வெந்நீரில் கால் மணி நேரம். கொதி தண்ணீர் கூடாது, எலி வெந்து போகும். மைக்ரோவேவ் அடுப்பு கூடவே கூடாது. ஒரு பக்கம் வெடிக்கும், ஒரு பக்கம் ஐஸாக இருக்கும். பிறகு நீங்கள் அதில் பால் காய்ச்சுவதா? எல்லாமே துணி துவைக்கும் அறையில், தனி வாளி, தனி குவளை, கையுறை போட்டு. எலியின் உடம்புச் சூடு 38 டிகிரிக்கு வர வேண்டும். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் வெந்நீரை மணிக்கட்டில் விட்டுப் பார்ப்போமே, அந்தப் பதம்தான் என்று கண்டு கொண்டேன்.

விளக்கைத் தாழ்த்தி, பையன் நீளமான இடுக்கியில் எலியின் வாலைப் பிடித்து நீட்டினான். பிஸ்கட் நாக்கை இரண்டு தடவை நீட்டியது. பையன் ஆவலில் எலியை அதன் மூக்கருகில் கொண்டு போய் இடித்துவிட்டான். அவ்வளவுதான், சுருண்டு கொண்டு தொட்டிக்குள் போய்விட்டது. எலியைப் பொந்தின் வாசலில் வைத்துவிட்டு வந்தோம். காலையில் அப்படியே கிடந்தது. மறுபடி உறைய வைக்காமல் எறிந்துவிட்டோம்.

"நாளைக்குத் திரும்ப வைப்போமா பெரியம்மா?" என்றான். தாளில் அதற்கும் பதில் இருந்தது. தினமும் தொந்தரவு செய்தால் இன்னும் பயப்படும், ஐந்து முதல் ஏழு நாள் விட வேண்டும்.

இரண்டாவது வாரம் எலி நடப்பது மாதிரி தரையோடு மெதுவாக, பாம்புக்கு எதிர்ப்பக்கமாக இழுத்துக் காட்டினான். தன்னை நோக்கி ஓடி வருகிற எலி எந்தக் காட்டிலும் கிடையாதே! பாம்பு நிமிர்ந்தது. பாய்ந்து கடித்தது. எங்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. அடுத்த நொடி, என்ன தோன்றியதோ, விட்டுவிட்டது. எலியின் தலை ஆறிப் போயிருந்தது என்று பையன்தான் கண்டுபிடித்தான். மலைப்பாம்புகள் பலவற்றுக்கு உதட்டோரம் சூட்டை உணரும் சின்னக் குழிகள் உண்டு. ஆறிப் போன எலி அதற்கு எலியாகவே படுவதில்லை. ஆறின தோசையைப் பிள்ளைகள் ஒதுக்கவில்லையா!

மூன்றாவது வாரம் பிஸ்கட்டின் கண் பால் விட்டாற்போல் மங்கியிருந்தது. சட்டை உரிக்கப் போகிற அடையாளம். அப்போது பார்வை சரியாக இருக்காது, பயம் அதிகம், சாப்பிடாது. அந்த வாரம் முயற்சியே செய்யவில்லை. ஈரப் பாசியை ஒரு தொட்டிக்குள் வைத்தோம். ஒரே துண்டாகச் சட்டை கழன்றது. எடை 113. தங்கைக்கு நாள் நெருங்கிக் கொண்டிருந்தது. பையன் ராத்திரி தூங்கவில்லை என்று அவன் கண்ணே சொன்னது.

நடுவில் இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பையன் ஒல்லிக்குச்சி. போன நாளிலிருந்து அவனைத் தேற்றுவதே என் லட்சியமாக இருந்தது. தட்டோடு பின்னாலேயே நடப்பேன். "இன்னும் ஒரே ஒரு வாய்டா ராசா" என்று வாயருகே கொண்டு போவேன். அவன் முகத்தைத் திருப்புவான். ஒரு நாள் இரவு, கையில் தயிர்சாதத்தோடு நான் நிற்க, அவன் பணிவாகத்தான் கேட்டான்.

"பெரியம்மா, பிஸ்கட்டுக்கு மாதிரியே எனக்கும் வச்சிட்டுப் போயிடறீங்களா? நீங்க பார்த்துக்கிட்டே இருந்தா எனக்கு உள்ள இறங்கல."

எனக்குச் சுருக்கென்றது. எலியை மூக்கில் இடித்ததற்கு அவனை நான் கண்டித்தேனே, நான் செய்வது என்ன? தட்டை மேஜையில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது தட்டில் பாதி காலி. மீதிப் பாதியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

மூன்றாவது முயற்சி ஜூலை நடுவில். இந்த முறை வைத்தியர் சொன்ன வாசனை வித்தை. இந்த இனம் காட்டில் பல்லி, அரணை, தவளைகளைத் தின்னும். குகை வாசலில் தொங்கிக் கொண்டு வௌவாலைக்கூடப் பிடிக்குமாம்! பழகாத எலியில் பழகிய பல்லியின் வாசனையை ஏற்றினால் ஏமாறலாம். அதற்காகத் தோட்டத்துப் பல்லியைப் பிடிக்கக் கூடாது, அதிலிருந்து புழுவும் பூச்சியும் தொற்றும். சிநேகிதன் வீட்டில் நோயில்லாமல் வளர்ந்த நீலநாக்கு அரணை ஒன்று இருந்தது. அது உரித்துப் போட்ட தோலை வாங்கி வந்து எலியின் மேல் நன்றாகத் தேய்த்தோம். உடம்பை ஈரமில்லாமல் துடைத்து, கொடுப்பதற்கு முன் தலையை மட்டும் இன்னொரு நிமிஷம் பையோடு வெந்நீரில் சூடாக்கினோம்.

பையன் இடுக்கியை நீட்டினான். கை நடுங்கவில்லை. மெதுவாக ஓர் அசைப்பு, நிறுத்தம், இன்னோர் அசைப்பு. பிஸ்கட்டின் நாக்கு வேகமாக உள்ளும் வெளியும் போனது. கழுத்து 'எஸ்' மாதிரி வளைந்தது. பாய்ந்து பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றிக் கொண்டது. பையன் இடுக்கியை விடாமல் எலியை லேசாக ஆட்டினான், உயிர் இருக்கிற மாதிரி. பாம்பு இறுக்கியது. அப்புறம்தான் இடுக்கியை விட்டான். நாங்கள் இருவரும் கதவோரம் மூச்சைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்திருந்தோம். பத்து நிமிஷம் போயிருக்கும். சுற்றைத் தளர்த்தி, எலியின் தலையைத் தேடிக் கண்டுபிடித்து, மெள்ள மெள்ள விழுங்கியது. கடைசியில் வால் நுனி மட்டும் வெளியே. பிறகு அதுவும் இல்லை. ஒரு கொட்டாவி விட்டது!

சத்தம் போடக் கூடாது என்பதால் பையன் என் புடவைத் தலைப்பில் முகத்தைப் புதைத்துக் கொண்டு சிரித்தான். எலி என்றால் நாற்காலி மேல் ஏறுகிற எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இரண்டு நாள் தொடவில்லை. தொட்டால் கக்கிவிடும். அடுத்த வாரம் தலையில் மட்டும் கொஞ்சம் அரணை வாசனை. அதையும் சாப்பிட்டது. இப்படி வாசனையைக் குறைத்துக் கொண்டே போய், கடைசியில் வெறும் எலிக்குப் பழக்க வேண்டும். அந்த மிச்ச வேலையைத் தான் பார்த்துக் கொள்வதாக அந்த அண்ணன் சொல்லி, காகிதங்களில் கையெழுத்திட்டு வாங்கிப் போனார். பையன் தன் நோட்டையும் கூடவே கொடுத்தான். வாசலில் அழவில்லை. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக் கொண்டான். அன்றைக்கு அவனைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. தட்டை மூடிக் கதவுக்கு வெளியே வைத்தேன். ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

பெட்டி இருந்த இடம், தரை, கைப்பிடி எல்லாம் கிருமிநாசினி போட்டுத் துடைத்தோம். ஜூலை கடைசியில் தங்கைக்குப் பெண் குழந்தை. முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து தங்கச்சியை வாங்கிக் கொண்டது யார் தெரியுமா? அவன்தான். யாரும் சொல்லவில்லை!

ஊர் திரும்பி, கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போன நாளில் புற்றைப் பார்த்தபோது இதெல்லாம் நினைவு வந்தது. ஆடி வெள்ளிக்கு நானும் பால் ஊற்றியவள்தான். பக்தி நம்முடையது. ஆனால் பாம்புக்குப் பால் ஆகாரம் இல்லை, அதற்குச் செரிக்காது. பட்டினியும் தாகமுமாக வைத்த பாம்புதான் வேறு வழியில்லாமல் பாலில் வாய் வைக்கும். கோயிலில் கும்பிட்டுக் கொள்ளுங்கள், பாலைப் பசித்த குழந்தைக்குக் கொடுங்கள் என்று பக்கத்து வீட்டு மருமகளிடம் இப்போதெல்லாம் சொல்கிறேன்.

இன்னொன்று. இதைப் படித்துவிட்டு உங்கள் பிள்ளை, "அம்மா, எனக்கும் ஒரு பாம்பு" என்று கேட்டால் இடம் கொடுக்காதீர்கள். நல்ல பாம்போ, சாரையோ, மலைப்பாம்போ, நம் நாட்டுப் பாம்பைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சர்வதேச உடன்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களை வைத்திருப்போரும் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் விதிகள் வந்துவிட்டன. ஆசைக்குப் பார்க்க, 1972-இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய கிண்டி பாம்புப் பண்ணை இருக்கிறது. லீவுக்குச் சென்னை போனால் அழைத்துப் போய்க் காட்டுங்கள். வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் அடிக்காமல், குழந்தைகளை வெளியே கூட்டிக் கொண்டு, தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ போன் செய்யுங்கள்.

வெளிநாட்டில் உங்கள் சொந்தக்காரர் யாராவது பாம்பு வளர்த்து, அது சாப்பிடாமல் கிடந்தால், இந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். முதலில் சூடும் ஒளியுமிடமும். பிறகு அமைதி. எலி உடம்புச் சூட்டில், ஈரமில்லாமல். இடுக்கியால் காட்டு, இடிக்காதே. மறுத்தால் வைத்துவிட்டுப் போ, ஒரு வாரம் பொறு. வாயைத் திறந்து திணிப்பது வைத்தியர் வேலை, நம் வேலை இல்லை. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பாம்பே வேண்டாம்.

பாம்பில்லாத நம் வீடுகளுக்கும் இதில் பாதி பொருந்துகிறது. என் சின்ன மகன் தட்டை ஒதுக்கும்போது இப்போது நான் துரத்துவதில்லை. உடம்பு சூடா, வயிறு சரியா, பள்ளியில் ஏதும் பயமா என்று பார்க்கிறேன். எடை குறைந்தால் டாக்டரிடம் போகிறேன். மற்றபடி தட்டைச் சூடாக வைத்துவிட்டு, என் சோலியைப் பார்க்கப் போய்விடுகிறேன்.

சென்ற வாரம் மெல்போர்னிலிருந்து பையன் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தான். நல்ல பருமனாக, பளபளவென்று பிஸ்கட். கீழே ஒரு வரி: "பெரியம்மா, இப்ப வாசனை எதுவும் வேண்டாமாம், சும்மா வச்சாலே சாப்பிடுதாம்."

அடுத்த இதழில் பழையபடி அடுப்படிக்குப் போவோம், சகோதரிகளே. பட்டாணிக் குருமா! அன்றைக்குப் பாதியில் நின்று போனது அல்லவா?